கொள்ளிடக் கடைமடையில் படகு இறக்கும் சாய்தளம்: எந்தப் பொருளில் கட்டுவது?

கொள்ளிடத்தான்:

வணக்கம். கொள்ளிடத்தின் தென்கரையில், பழையாறு முகத்துவாரத்துக்குச் சற்று மேற்கே, படகு ஏற்றி இறக்க ஒரு சாய்தளம் போட வேண்டும். எல்லாம் 28 அடி பைபர் படகுகள். என்ஜின், வலை சேர்த்து ஒன்றரை டன் வரும். இப்போது சேற்றுக்கரையில் சவுக்குக் கட்டை போட்டு ஆள் வைத்து இழுக்கிறார்கள். சாய்தளம் வந்தால் சக்கர வண்டியில் வைத்து இழுக்கலாம், ஐஸ் ஏற்றிய மினி லாரியும் கீழே வரும்.

இடத்தின் விவரம்: கரை மேடு முதல் வற்றத்தின் (கடல் ஓதம் இறங்கிய நேரத்தின்) நீர்மட்டம் வரை இறக்கம் 2.1 மீட்டர். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 0.6 மீட்டருக்குள். மேலே ஒரு மீட்டர் வண்டல் கலந்த மணல், அதற்குக் கீழே கறுப்புக் களி. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல தண்ணீர் ஓடும். மாசிக்குப் பிறகு உப்பு ஏறிவிடும்.

மேஸ்திரி ஒருவர் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரை இறைத்துவிட்டு ஆறு அங்குல கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார். இன்னொருவர் பேவர் பிளாக் போதும், பழுதானால் கழற்றி மாட்டலாம் என்கிறார். பெரியவர்கள் கருங்கல் பதிக்கச் சொல்கிறார்கள். மூன்றில் எது? சரிவு எவ்வளவு இருக்கவேண்டும்? தண்ணீருக்கு அடியில் போகும் பகுதியை எப்படிச் செய்வது?

படுகைவாசி:

பேவர் பிளாக்கை முதலில் தள்ளிவிடுங்கள். வீட்டு வாசலில் அது நிற்பதற்குக் காரணம் அடியில் இருக்கும் மணலும் இடுக்கில் நிரப்பிய தூளும்தான். தண்ணீருக்குள் படகு அலை ஒவ்வொன்றும் அந்த இடுக்கில் புகுந்து வெளியே வரும்போது கொஞ்சம் மணலை எடுத்துக்கொண்டு வரும். ஒரு கல் அசைந்தால் பக்கத்துக் கல்லுக்குப் பிடிப்பு போய்விடும், அதன்பின் வரிசையாகக் கழன்று வரும். நீர்மட்டத்துக்கு மேலே வண்டி திரும்பும் இடத்துக்கு வேண்டுமானால் பேவர் போடலாம்.

தார் ரோடும் அப்படித்தான். ஊறிய ஜல்லியை விட்டுத் தார் உரிந்துபோகும். வல்லம், கந்தர்வக்கோட்டைப் பக்கத்துச் செம்புரான்கல் கரைச்சுவருக்கு ஆகும். ஏற்ற வற்றத்தில் நனைந்து காய்ந்து, மேலே சக்கரமும் உரசினால் தேய்ந்து குழிவிழும். கருங்கல் பதிப்பு கரையைக் காக்க அருமையான பொருள், ஆனால் அதன் மேல் வண்டி ஓடாது. பெரியவர்கள் சொல்லும் கருங்கல்லைச் சாய்தளத்தின் இரண்டு பக்கமும், கால்மாட்டிலும் (தண்ணீருக்குள் இருக்கும் கீழ்முனையில்) போடுங்கள். அங்கே அதற்கு ஈடு கிடையாது.

அடிமானம்:

கொள்ளிடத்தான் அண்ணே, மேலே போடும் கான்கிரீட் பலகையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அடியில் இருப்பதைப் பாருங்கள். ஒன்றரை டன் படகும் ஒரு மினி லாரியும் ஆறு அங்குல கான்கிரீட்டுக்கு ஒரு பாரமே இல்லை. டெல்டாவில் சாய்தளம் பாரம் தாங்காமல் உடைவது அபூர்வம். அடியில் இருந்த மண் போய், பலகை அந்தரத்தில் தொங்கி, அப்புறம்தான் உடையும். மண் மூன்று வழியில் போகிறது.

முதல் வழி கால்மாடு. படகை இறக்கியதும் என்ஜினை முடுக்குவார்கள், ஏற்றும்போது என்ஜின் வேகத்திலேயே வண்டியில் ஏற்றப் பார்ப்பார்கள். என்ஜின் விசிறி தள்ளும் தண்ணீர் சாய்தளத்தின் கடைசி விளிம்பில் குழி பறித்து, அந்த மண்ணைக் கொஞ்சம் தள்ளி மேடாகக் குவிக்கும். குழி பலகைக்கு அடியில் புகுந்தால் முதல் மழைக்காலத்திலேயே விளிம்பு முறியும். குவிந்த மேட்டில் படகின் அடி இடிக்கும்.

இரண்டாவது பக்கவாட்டு. வெள்ளத்தில் நீரோட்டம் பலகையின் மேல்புற ஓரத்தில் மோதிச் சுழலும். சுழலும் இடத்தில் கரை அரிக்கும்.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. வெள்ளம் வடியும்போது ஆற்றின் மட்டம் சட்டென்று இறங்கிவிடும், கரைக்குள் ஊறிய தண்ணீர் அவ்வளவு வேகத்தில் இறங்காது. உள்ளே உயரம், வெளியே பள்ளம். அந்த அழுத்தம் பலகையை அடியிலிருந்து தூக்கும், வெடிப்பு வழியாக வண்டலைப் பீய்ச்சி வெளியே தள்ளும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் கொள்ளிடத்தில் வந்த மாதிரி வெள்ளம் நாள்கணக்கில் நின்று வடிந்தால் இதுதான் நடக்கும்.

ஆகவே அடுக்கு இப்படி அமைய வேண்டும். வெட்டிச் சமன் செய்த மண்ணின் மேல் ஊசிக்குத்து வகை ஜியோடெக்ஸ்டைல் துணி, சதுர மீட்டருக்கு 250 கிராமுக்குக் குறையாதது. ஒட்டுக்கு ஒட்டு 500 மி.மீ. மேலேறட்டும், மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் படியவேண்டும். அதன் மேல் 150 மி.மீ. கனத்துக்கு 40 மி.மீ. ஜல்லியும் 20 மி.மீ. ஜல்லியும் கலந்து. அதற்கு மேல் பலகை. துணி தண்ணீரை விடும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். துணிக்குப் பதில் பாலிதீன் தாள் விரித்துவிடாதீர்கள். அது தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொண்டு பலகையைத் தூக்கிவிடும்.

களி இருக்கும் கீழ்ப்பாதிக்குச் சவுக்குக் கட்டை அடியுங்கள். 75 முதல் 100 மி.மீ. தடிமன், 2.5 முதல் 3 மீட்டர் நீளம், அரை மீட்டர் இடைவெளியில். கட்டையின் தலை எப்போதும் வற்ற மட்டத்துக்குக் கீழே, மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். ஈரமும் காற்றும் மாறிமாறிப் படும் இடத்தில்தான் சவுக்கு மக்கும். உவர்நீரில் தலையை வெளியே நீட்டி வைத்தால் மரம் துளைக்கும் கடல்புழு சல்லடையாக்கிவிடும். காற்றில்லாத களிக்குள் புதைந்தது அப்படியே கிடக்கும்.

சரிவு 8-க்கு 1, அதாவது 8 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறக்கம். ஒன்றரை டன் படகை அந்தச் சரிவில் இழுக்க, சக்கர உரசலை விட்டுக் கணக்கிட்டால், 190 கிலோ அளவு இழுவிசை போதும். 5-க்கு 1 என்று செங்குத்தாகப் போனால் அதுவே 300 கிலோவை நெருங்கும், ஈரத்தில் ஆளும் நிற்க முடியாது. 10-க்கு 1-ஐ விடப் படுக்கவிட்டால் படகு மிதப்பதற்குள் வண்டியின் அச்சு தண்ணீரில் முங்கும், நீளமும் வீணாகக் கூடும். உங்கள் இடத்துக்கு 2.1 மீட்டரோடு வற்ற மட்டத்துக்குக் கீழே 0.9 சேர்த்தால் 3 மீட்டர் இறக்கம், ஆக 24 மீட்டர் நீளம். அந்த 0.9 மீட்டரில் சிக்கனம் பார்க்காதீர்கள். வற்ற மட்டத்தோடு நிறுத்தினால் வண்டிச் சக்கரம் விளிம்பைத் தாண்டிச் சேற்றில் இறங்கி, திரும்ப ஏறும்போது விளிம்பை நெம்பும்.

இடத்தையும் ஒருமுறை பாருங்கள். ஆற்றுத் திருப்பத்தின் வெளிக்கரையில் அரிப்பு, உள்கரையில் மண் மேடிடும். நேராக ஓடும் பகுதியே நல்லது. சாய்தளத்தின் முகத்தை நீரோட்டத்தின் போக்கில் 10, 15 பாகை கிழக்கே சாய்த்து வைத்தால் ஆகாயத்தாமரையும் மரக்கட்டையும் மேலே வந்து அடையாது.

வலைகாரர்:

மேல்பரப்பைப் பற்றி ஒரு வார்த்தை. துடைப்பத்தால் கோடு இழுத்த கான்கிரீட் ரோட்டுக்குச் சரி. ஏற்றமும் வற்றமும் படும் இடத்தில் பாசி பிடித்து அந்தக் கோடு சீக்கிரமே மூடிவிடும், கண்ணாடி மாதிரி வழுக்கும். 20, 25 மி.மீ. ஆழத்துக்கு வி வடிவப் பள்ளம் வேண்டும். அதையும் சரிவுக்கு நேர் குறுக்கே போடாமல் 45 முதல் 60 பாகை சாய்வாக, நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் இறங்குகிற மாதிரிப் போடவேண்டும். அப்போது தண்ணீரும் சேறும் தானாக ஓரத்துக்கு வடியும். குறுக்கே போட்ட பள்ளத்தில் சேறு தங்கும், ஆறு மாதத்தில் பள்ளமே இருக்காது.

பள்ளம் போடத் தனிக் கருவி வேண்டாம். 30, 35 மி.மீ. ஆங்கிள் இரும்பை முனை கீழே இருக்கும்படி மட்டப்பலகையில் 75 மி.மீ. இடைவெளியில் திருகி, கான்கிரீட் கட்டை விரலால் அழுத்தினால் லேசாகப் பதியும் பதத்தில் அழுத்தி எடுத்தால் போதும். முன்னாலேயே அழுத்தினால் பள்ளம் மூடிக்கொள்ளும். தாமதித்தால் ஓரம் உடைந்து பொரியும்.

ஆனால் அகலம் முழுக்கப் பள்ளம் போடாதீர்கள். எல்லாரிடமும் சக்கர வண்டி இருக்கப்போவதில்லை, கட்டை போட்டு உருட்டுகிறவர்கள் இருப்பார்கள். கட்டை பள்ளத்தில் சிக்கும், ஏராவும் (படகின் அடிமுதுகுக் கட்டை) பைபர் அடியும் உரசி மேல்பூச்சு போகும். 4.2 மீட்டர் அகலம் என்றால் இரண்டு பக்கமும் 1.5 மீட்டர் பள்ளத்தோடு, சக்கரத்துக்கும் காலுக்கும். நடுவில் 1.2 மீட்டர் வழவழப்பாக விட்டு, அதில் மீட்டருக்கு ஒன்றாகக் கெட்டியான எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்துப் பதித்துவிடுங்கள். படகின் அடி அதன் மேல் வழுக்கிப் போகும். தேய்ந்தால் குழாய்த் துண்டை மட்டும் மாற்றலாம்.

பாசி எடுக்க ப்ளீச்சிங் பவுடர் போடும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அதில் இருக்கும் குளோரின் கம்பிக்கும் கேடு, ஆற்றில் இருக்கும் குஞ்சு மீனுக்கும் கேடு. வற்றத்தில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துத் தண்ணீர் அடித்தாலே போகும்.

கொள்ளிடத்தான்:

எல்லாருக்கும் நன்றி. அகலம் 4.2 மீட்டர் என்றே வைத்துக்கொள்கிறோம். கம்பி விஷயத்தில்தான் குழப்பம். மேஸ்திரி சாதாரண 12 மி.மீ. முறுக்குக் கம்பி, ஓர் அங்குலம் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) போதும் என்கிறார். கடையில் எபாக்ஸி பூசிய கம்பி, கண்ணாடி இழைக் கம்பி என்று சொல்கிறார்கள். சிமெண்டிலும் கடல் பக்கம் என்றால் சல்பேட் தாங்கும் சிமெண்ட்தான் வாங்கவேண்டும் என்று ஒரு பேச்சு. எது சரி?

உப்புக்காற்று:

ஓர் அங்குலக் கவரில் அந்தக் கம்பி நிலைக்காது. உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல ஊறிக் கம்பியைத் தொடும்போது துரு ஆரம்பிக்கும். துரு பிடித்த கம்பி பருக்கும், மேல் கான்கிரீட்டைப் பிளக்கும், பிளவில் இன்னும் உப்பு போகும். இதில் மோசமான இடம் முழுக்க முங்கிய பகுதி இல்லை, நனைந்து காயும் பகுதி. அங்கேதான் உப்பும் காற்றும் சேர்ந்து கிடைக்கும். ஐ.எஸ். 456 எனும் இந்தியக் கான்கிரீட் விதிநூல் ஏற்ற வற்றப் பகுதியை 'மிகக் கடுமையான' கடைசி வகையில்தான் வைத்திருக்கிறது: கம்பியிட்ட கான்கிரீட்டின் பலத் தரம் எம்40-க்குக் குறையாமல், கன மீட்டருக்குச் சிமெண்ட் 360 கிலோவுக்குக் குறையாமல், தண்ணீர் சிமெண்ட் விகிதம் 0.40-க்கு மேல் போகாமல், கவர் 75 மி.மீ. மேலே தெறிப்பு மட்டும் படும் பகுதிக்கு எம்35, 50 மி.மீ. கவர்.

ஆறு அங்குலப் பலகையில் மேலே 75, கீழே 75 விட்டால் கம்பி வைக்க இடமே இல்லை. அதனால் ஏற்ற வற்றப் பகுதிக்கு இரண்டே வழி. ஒன்று, பலகையை 200 மி.மீ. ஆக்கி, நடுவில் ஒரே வலை. இன்னொன்று கண்ணாடி இழைக் கம்பி. அதற்குத் துரு கிடையாது என்பதால் 40 மி.மீ. கவரில் 150 மி.மீ. பலகை போதும். எடை இரும்பில் கால்பங்கு. ஆனால் அதன் குணத்தைத் தெரிந்து வாங்குங்கள். தளத்தில் வளைக்க முடியாது, வளைவு வேண்டிய துண்டைத் தொழிற்சாலையிலேயே அப்படியே வார்த்து வாங்கவேண்டும். வெட்டுவது கிரைண்டரில், முகமூடி போட்டு. வெயிலில் போட்டு வைக்கக் கூடாது, தார்ப்பாயால் மூடுங்கள். இரும்பை விட அதிகம் இழுபடும் பொருள் என்பதால் இரும்புக்குப் பதில் அதே அளவு, அதே இடைவெளி என்று மாற்றிவிட முடியாது, பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்கவேண்டும்.

எபாக்ஸி பூச்சு நல்லதுதான், பூச்சில் கீறல் விழாதவரை. லாரியிலிருந்து உருட்டி இறக்கி, கடப்பாரையால் நெம்பி, சாதாரணக் கட்டுக்கம்பியால் முறுக்குகிற இடத்தில் கீறாமல் இருக்காது. கீறிய புள்ளியில் துரு ஆழமாகக் குடையும்.

சிமெண்டில் சல்பேட் தாங்கும் வகை வேண்டாம். உங்கள் பகை குளோரைடு. குளோரைடைக் கொஞ்சம் பிடித்து வைக்கக்கூடிய ஒரு சேர்மம் சிமெண்டில் இருக்கிறது, சல்பேட் தாங்கும் சிமெண்டில் அதைத்தான் குறைத்திருப்பார்கள். கசடுச் சிமெண்ட் எனும் பி.எஸ்.சி. வாங்குங்கள், கிடைக்காவிட்டால் சாம்பல் கலந்த பி.பி.சி. இரண்டும் கான்கிரீட்டின் நுண்துளையை அடைக்கும். மெதுவாகத்தான் பலம் ஏறும், ஆகவே 14 நாள் விடாமல் நீராட்டல்.

தண்ணீரையும் மணலையும் மறந்துவிடுவார்கள். கடைமடை போர்த் தண்ணீரில் கலக்கினால் உப்பை நீங்களே உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும். கம்பியிட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பரிசோதித்து வாங்குங்கள், இல்லையென்றால் டேங்கரில் நல்ல தண்ணீர். முகத்துவாரத்து மணலைத் தொடாதீர்கள், கழுவிய எம் சாண்ட் போடுங்கள். கவர் பிளாக் அதே எம்40 கலவையில் வார்த்ததாக இருக்கட்டும். சலவைக்கல் துண்டும் உடைந்த ஓடும் வைத்தால் அந்த ஓரம் வழியாகத்தான் உப்பு முதலில் இறங்கும்.

படுகைவாசி:

ரயில்வே ஏலத்தில் பழைய கான்கிரீட் ஸ்லீப்பர் கிடைக்கிறது, அதை அடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அகலப்பாதை ஸ்லீப்பர் 2.75 மீட்டர் நீளம், நல்ல கெட்டிக் கான்கிரீட். நல்ல தண்ணீர் ஆற்றில் தாராளமாகப் போடலாம். உவர்நீரில் யோசிக்கவேண்டும், ஏனென்றால் உள்ளே முறுக்கேற்றிய கம்பிகளின் வெட்டுமுனை இரண்டு தலையிலும் வெளியே தெரியும். உப்பு அங்கிருந்து கம்பியோடு உள்ளே ஓடும். முனையைச் சுத்தம் செய்து எபாக்ஸி பூசினால் கொஞ்சம் தள்ளிப்போகும், நிற்காது. மேல்முகமும் சமமாக இருக்காது.

மேஸ்திரி சொன்ன மணல் மூட்டை அணைப்பு பற்றியும். களியில் சரி, மணல் அடுக்கு வந்தால் நீங்கள் இறைக்க இறைக்க அடியிலிருந்து ஊறும். ஊறும் நீரில் கொட்டிய கான்கிரீட்டில் சிமெண்ட் பால் கழுவிப் போய், வெறும் ஜல்லி மிஞ்சும். மேலே பார்த்தால் தெரியாது, அடிமுகம் தேன்கூடாக இருக்கும்.

அடிமானம்:

ஆமாம், அதனால்தான் தண்ணீரில் இருக்கும் பகுதிக்கு முன்வார்ப்புப் பலகை (கரையில் முன்கூட்டியே வார்த்து எடுத்து வைப்பது), மேலே தளத்திலேயே வார்ப்பு என்று பிரித்துக்கொள்வது. ஏற்ற மட்டத்துக்கு மேல் 0.3 மீட்டர் வரை முன்வார்ப்பு என்றால் 0.9 + 0.6 + 0.3 சேர்த்து 1.8 மீட்டர் இறக்கம், சரிவில் 14.4 மீட்டர். மிச்சம் 9.6 மீட்டர் தளவார்ப்பு.

கண்ணாடி இழைக் கம்பியோடு பலகை ஒன்று 4.2 மீட்டர் நீளம், 0.4 அகலம், 0.15 கனம். எடை 630 கிலோ. 25 மி.மீ. இடைவெளி விட்டால் 34 பலகை வரும். இரும்புக் கம்பியோடு 200 மி.மீ. என்றால் ஒன்று 840 கிலோ. ஜே.சி.பி. கையை நீட்டி எடுக்கும்போது இந்த 210 கிலோ வித்தியாசம் பெரிது, பொக்லைன் வைக்கவேண்டி வரும். அந்த வாடகையையும் சேர்த்துப் பார்த்துக் கம்பியை முடிவு செய்யுங்கள். இடைவெளியை அடைத்துவிடாதீர்கள். அடியழுத்தம் வெளியேறும் வாசலே அதுதான்.

ஒவ்வொரு பலகையிலும் ஓரத்திலிருந்து 600 மி.மீ. உள்ளே, இரண்டு இடத்தில் 40 மி.மீ. குழாய் வைத்து வார்த்துத் துளை விடுங்கள். அதன் வழியே 16 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, 316 தரம், எல்லாப் பலகையையும் கோத்து மேலே, முன்வார்ப்பும் தளவார்ப்பும் சேரும் இடத்தில் இருக்கும் இணைப்பு உத்தரத்தில் முடுக்குங்கள். 304 தரம் உப்பில் புள்ளிப் புள்ளியாகக் குடைபடும். கம்பியில் பலகைக்குப் பலகை 25 மி.மீ. நீளக் குழாய்த் துண்டு கோத்தால் இடைவெளி மாறாது. இந்த எஃகு சாதாரண இரும்பைத் தொடக்கூடாது, தொட்டால் சாதாரண இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும்.

உத்தேச அளவு, வாங்கும்போது உதவும். பலகை 34-க்கு 8.6 கன மீட்டர், தளவார்ப்பு 200 மி.மீ. கனத்தில் 8.1, கால்மாட்டு உத்தரம் 300 × 600 மி.மீ. அளவில் 0.8, ஆக 17.5 கன மீட்டர். கன மீட்டருக்குச் சிமெண்ட் 380 கிலோ வைத்தால் 133 மூட்டை, சேதாரம் சேர்த்து 140. கலக்கும் நீர் 0.40 விகிதத்தில் சுமார் 2,700 லிட்டர்தான். நீராட்டலுக்கு அதைவிடப் பல மடங்கு ஆகும், ஈரச் சாக்கு போட்டு மூடினால் மிச்சமாகும். இவ்வளவு குறைந்த நீரில் கலவை விறைப்பாக இருக்கும், மேஸ்திரி கட்டாயம் தண்ணீர் கேட்பார். தண்ணீர் ஊற்றவிடாமல் பி.சி.இ. வகை இளக்கியை (கலவையை இளக வைக்கும் ரசாயனம்) அளந்து ஊற்றுங்கள்.

அடி ஜல்லி, இரண்டு பக்கமும் 300 மி.மீ. கூடுதலாக விட்டு, 17.3 கன மீட்டர், அதாவது 6 யூனிட்டுக்குச் சற்று மேல் (ஒரு யூனிட் 100 கன அடி). துணி 220 சதுர மீட்டர். சவுக்கு 280 கட்டை. தளவார்ப்புக்கு 12 மி.மீ. கம்பி 150 மி.மீ. இடைவெளியில் ஒரு வலை, அரை டன். கால்மாட்டுக்கு முன்னால் 3 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 0.6 கனத்துக்குக் கருங்கல், 4 யூனிட். கல் ஒன்று 300 மி.மீ. குறுக்களவு, 35, 40 கிலோ இருந்தால் விசிறி நீரில் நகராது. இரண்டு ஓரத்துக்கும் தனியே கல் கணக்கு வேண்டும். சின்னக் கல்தான் கிடைக்கிறது என்றால் பி.வி.சி. பூசிய கம்பிவலைப் பெட்டிக்குள் நிரப்புங்கள். வெறும் துத்தநாகப் பூச்சு வலை இங்கே வீண்.

வேலை வரிசை: பலகையை மாசியில் மேட்டிலேயே வார்த்துவிடுங்கள், 28 நாளாவது ஆகட்டும். சித்திரையில் வெட்டிச் சவுக்கு அடித்து, துணி விரித்து, ஓரங்களில் இரண்டு வழிகாட்டி உத்தரத்தைச் சரிவுக்கு ரசமட்டம் பார்த்து வைத்து, நடுவில் ஜல்லியை மட்டப்பலகையால் இழுங்கள். தண்ணீருக்குள் துணி மிதக்கும். இரும்புக் குழாயில் சுற்றிக் கீழிருந்து மேலாக விரித்து, விரித்த வேகத்தில் ஜல்லியைப் போட்டு அமுக்குங்கள். பலகையைக் கீழிலிருந்து மேலாக அடுக்கி, கடைசியில் இணைப்பு உத்தரம். பிறகு 4.8 மீட்டர் நீளத்தில் இரண்டு கட்டமாகத் தளவார்ப்பு, ஒன்றரை மீட்டருக்கு ஒரு 75 மி.மீ. வடிகுழாய், அடிவாயில் துணி சுற்றி. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் கொள்ளிடத்துக்கு உபரிநீர்தான் வரும், ஆனால் அதை நம்பித் தள்ளிப்போடவேண்டாம். கீழ்ப்பாதி மே மாதத்துக்குள் முடியட்டும்.

அனுமதியையும் இப்போதே கேளுங்கள். ஆறும் கரையும் நீர்வளத்துறையுடையது. உங்கள் இடம் உப்பேறும் பகுதி என்பதால் 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையும் வரும். வருடத்தின் வறண்ட பருவத்தில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு காணும் இடம் வரை அது செல்லும்.

குடந்தைக்காரன்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அரசலாற்றில் பரிசலும் சின்ன ஓடமும் இறக்க இதே அளவு செலவு செய்யவேண்டுமா? கோடையில் ஆறே காய்ந்து கிடக்கும்.

அடிமானம்:

வேண்டாம் தம்பி. உப்பில்லை, காய்ந்த ஆற்றில் நேரடியாக வார்க்கலாம். எம்25, பி.பி.சி. சிமெண்ட், 150 மி.மீ. பலகை, 10 மி.மீ. கம்பி, 30 மி.மீ. கவர் போதும். அகலமும் 3 மீட்டர் போதும். உங்களுக்கு வேறு தொல்லை. களிமண் கோடையில் சுருங்கி வெடிக்கும், தண்ணீர் வந்ததும் பருத்துப் பலகையைத் தூக்கும். அடியில் 300 மி.மீ. களியை எடுத்துவிட்டுக் கிராவல் போட்டு, நனைத்து, 150 மி.மீ. 150 மி.மீ. ஆக இடியுங்கள். துணியையும் கால்மாட்டுக் கல்லையும் மட்டும் விட்டுவிடாதீர்கள், முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆற்றில் மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

வலைகாரர்:

கொள்ளிடத்தான், கட்டி முடித்த பிறகு வெள்ளம் வடிந்ததும் ஒரு நீளக் கம்பால் கடைசிப் பலகையின் விளிம்பு முழுக்கக் குத்திப் பாருங்கள். கல் தட்டுப்பட வேண்டும். கம்பு பலகைக்கு அடியில் நுழைந்தால் அந்த வாரமே கல் இறக்குங்கள். ஜல்லி போட்டால் அடுத்த விசிறியிலேயே போய்விடும், பெரிய கல்தான். கடைசி மூன்று மீட்டரில் என்ஜினை முடுக்கக் கூடாது, கம்பு ஊன்றித் தள்ளவேண்டும் என்று துறையில் எல்லாருமாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கொள்ளிடத்தான்:

கண்ணாடி இழைக் கம்பிக்கும் பொக்லைன் வாடகைக்கும் விலை கேட்டிருக்கிறோம். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். மேஸ்திரியிடம் இந்தத் திரியையே காட்டப் போகிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: ஓரத்தில் சக்கரம் நழுவாமல் தடுப்புக்கட்டை வேண்டுமா?

அடிமானம்:

வேண்டும். 150 மி.மீ. உயரம், 150 அகலம், பலகையோடு சேர்த்தே வார்த்தது. ஆனால் தொடர்ச்சியாக வேண்டாம், இரண்டு பலகைக்கு ஒன்று விட்டு வையுங்கள். தொடர்ச்சியாக இருந்தால் வண்டல் உள்ளே தேங்கும், வலைகாரர் சொன்ன பள்ளத்திலிருந்து வடியும் சேற்றுக்கும் வழி இருக்காது.